சிக்குன்குனியா விட்டது, மூட்டு வீக்கம் விடவில்லை: மூட்டு மருத்துவர் பதில்கள்

கேள்வி (கடலூர், 46 வயதுப் பெண்): டாக்டர், காய்ச்சல் அஞ்சு நாளில் விட்டுடுச்சு. நாலு மாசமாகியும் காலையில் விரலை மடக்க முடியல, மணிக்கட்டு வீங்கியே இருக்கு. கிருமி உள்ளேயே இருக்கா?

பதில்: ரத்தத்தில் வைரஸ் ஏறக்குறைய ஒரு வாரத்தில் அடங்கிவிடும் அம்மா. அதை விரட்டக் கிளம்பிய எதிர்ப்பு சக்தி அடங்காமல் மூட்டுச் சவ்வில் அழற்சியைத் தொடர்வதால்தான் இந்த வீக்கம். 1952இல் தான்சானியாவில் இந்நோயைக் கண்டபோது, மகோண்டே மக்கள் சொன்ன 'உடல் வளைந்துபோவது' என்ற சொல்லே பெயராகிவிட்டது. 2006இல் இந்நோய் பரவியபோது நம் ஊர்களில் சுவரைப் பிடித்து நடந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். பலருக்குச் சில வாரங்களில் தணியும். மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்டது என்கிறோம். நீங்கள் தாண்டிவிட்டீர்கள், இனியும் பொறுத்திருக்காமல் மூட்டு வாத மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): சிக்குன்குனியாவுக்குப் பிறகு மூட்டு வலின்னு ரத்தம் பார்த்தாங்க. ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்குப் பார்க்கும் பரிசோதனை) பாசிட்டிவ். முடக்குவாதமா சார்?

பதில்: அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சில காலம் அப்படி வரலாம். முடக்குவாதத்தை இன்னும் துல்லியமாகக் காட்டும் ஆன்டி-சிசிபி ரத்தப் பரிசோதனையும், மூட்டைத் தொட்டுப் பார்ப்பதும் தேவை.

கேள்வி (விருதுநகர்): பக்கத்து கிளினிக்கில் ஒரு ஊசி போட்டாங்க, மறுநாளே வலி பறந்துடுச்சு. மாசாமாசம் போட்டுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரே நாளில் பறந்தது என்றால் அது அழற்சியை வேகமாக அடக்கும் ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். தேவைப்படும்போது நாங்களும் தருவோம், ஆனால் அளவு குறித்து, படிப்படியாகக் குறைத்து. என்ன மருந்தென்றே சொல்லாமல் மாதாமாதம் குத்தினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இப்படி வந்து நிற்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. சீட்டில் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

கேள்வி (சேலம்): மெத்தோட்ரெக்ஸேட் எழுதியிருக்காங்க. புற்றுநோய் மருந்தாமே, பயமா இருக்கு.

பதில்: மூட்டுக்குத் தருவது மிகக் குறைந்த அளவு, அதுவும் வாரத்துக்கு ஒரே நாள். தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று அட்டையிலேயே எழுதிவையுங்கள். ஃபோலிக் ஆசிட், ரத்தப் பரிசோதனை இரண்டையும் விடாதீர்கள். கர்ப்பத்தில் இம்மருந்து கூடாது.

கேள்வி (மதுரை): காய்ச்சல் போன பிறகு கண் சிவந்து, வெளிச்சம் கூசுது.

பதில்: கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம். சொட்டு மருந்து கடையில் வாங்காமல் இன்றே கண் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (கடலூர், முதலில் கேட்டவர்): நன்றி டாக்டர். வீட்டுக்காரருக்கும் நேத்திலிருந்து காய்ச்சல், உடம்பு வலி. என் வலி மாத்திரையைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சிக்குன்குனியாவைப் பரப்பும் அதே கொசுதான் டெங்குவையும் பரப்புகிறது. டெங்குவாக இருந்தால் வலி மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டலாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால், நிறைய நீராகாரம். நாளையே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.