இரவில் ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்கு சிவப்பாவது ஏன்?

தப்பான ஓடுபாதையில் இறங்கிவிட்டேனோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, சரியானதுதான். விமான சிமுலேட்டரில் இரவு இறங்கும்போது நடுக்கோட்டு விளக்குகள் சிவப்பும் வெள்ளையுமாக மாறின என்றீர்களே, பாதை முடிய இன்னும் 900 மீட்டர்தான் என்று அவை சொல்கின்றன. கடைசி 300 மீட்டரில் முழுச் சிவப்பாகிவிடும்.

சக்கரம் தரை தொட்டதுமே அந்தச் சிவப்பு வெள்ளை விளக்குகளைப் பார்த்தீர்கள் என்றால் ரொம்பத் தள்ளி இறங்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் வேகம் கூடுதலாக இருந்து விமானம் மிதந்துகொண்டே போயிருக்கும்.

அடுத்த முறை, பாதைத் தொடக்கத்திலிருந்து 300, 400 மீட்டரில் நடுக்கோட்டின் இருபுறமும் தெரியும் தடித்த வெள்ளைப் பட்டைகளைக் குறிவைத்து இறங்குங்கள். அப்புறம் ஓர விளக்குகளைப் பாருங்கள், கடைசி 600 மீட்டரில் வெள்ளை மஞ்சளாகும்.

ஆனால் இந்தக் கணக்கு நீளமான பாதைகளுக்கு. சின்ன விமான நிலையங்களில் பல இடங்களில் நடுக்கோட்டு விளக்கே இருக்காது.