0.1 மோலார் கரைசல் 0.064 ஆனது ஏன்?

கேள்வி: பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன், வீடு குரோம்பேட்டை. லேபில் 250 மில்லி அளவுக்கு 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) காப்பர் சல்பேட் கரைசல் தயாரிக்கச் சொன்னார்கள். வாய்பாட்டிலிருந்து மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 159.6 கிராம் என்று கணக்கிட்டு, 3.99 கிராம் எடை போட்டுக் கரைத்தேன். செறிவு தெரிந்த தயோசல்பேட் கரைசலை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்து டைட்ரேஷன் செய்து செறிவைப் பார்த்தால் 0.064 தான் வருகிறது. கணக்கை எத்தனை தடவை பார்த்தாலும் தப்பு தெரியவில்லை. இன்னொரு சந்தேகமும் உண்டு. எங்கள் வீட்டு போர் தண்ணீர் ரிப்போர்ட்டில் 'கால்சியம் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாக: லிட்டருக்கு 200 மில்லிகிராம்' என்று போட்டிருக்கிறது. இதில் கால்சியம் மட்டும் எவ்வளவு என்று அப்பா கேட்கிறார். மோல் கணக்கு இதற்கு உதவுமா?

பதில்: உங்கள் பெருக்கல், வகுத்தலில் ஒரு குறையும் இல்லை. டைட்ரேஷனையும் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். தப்பு எங்கே என்பதை அந்த 0.064 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

நீங்கள் எடை போட்டது நீலப் படிகம்தானே? கடையில் மயில்துத்தம் என்று கேட்டால் கொடுப்பதும் அதைத்தான். அந்த நீலம் இருக்கிறது என்றாலே, ஒவ்வொரு காப்பர் சல்பேட் அலகோடும் ஐந்து நீர் மூலக்கூறுகள் படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கின்றன என்று அர்த்தம். நீரற்ற காப்பர் சல்பேட் வெள்ளையாக இருக்கும். நீங்கள் போட்ட 159.6 அந்த வெள்ளைப் பொடிக்கு உரிய நிறை. எடை போட்டதோ நீலப் படிகம்.

இப்போது நீலத்துக்குக் கணக்கிடுவோம். காப்பர் ஒன்று, 63.55. சல்பர் ஒன்று, 32.06. ஆக்சிஜன் நான்கு, 64.00. இதுவரை 159.6. வாய்பாட்டில் (CuSO₄·5H₂O) அடுத்து ஒரு புள்ளி வரும், அதன் பிறகு ஐந்து நீர். அந்தப் புள்ளியைப் பெருக்கல் குறி என்று நினைத்துக்கொள்ளும் மாணவர்கள் நிறையப் பேர். அது 'இதோடு சேர்த்து' என்று சொல்லும் புள்ளி, அதனால் கூட்ட வேண்டும். ஒரு நீருக்கு 18.015, ஐந்துக்கு 90.08. மொத்தம் 249.7.

தேவையான மோல்: 0.25 லிட்டர் × லிட்டருக்கு 0.1 மோல் = 0.025 மோல். இதை 249.7 ஆல் பெருக்கினால் 6.24 கிராம். நீங்கள் போட்ட 3.99 கிராமை 249.7 ஆல் வகுத்துப் பாருங்கள்: 0.0160 மோல். அது 250 மில்லியில் கரைந்தால் 0.064 மோலார். உங்கள் பியூரெட் சொன்னதும் இதையேதான்.

அந்தக் கரைசலை இன்னும் கொட்டாமல் வைத்திருந்தால் லேபிளில் 0.064 மோலார் என்று எழுதி வையுங்கள், வேறு வேலைக்கு ஆகும். 250 குறி வரை நிரப்பிய குடுவையில் மேலும் படிகத்தைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டாம், கன அளவு மாறிவிடும். புதிதாகவே செய்யுங்கள். 6.24 கிராமை முதலில் பீக்கரில் கொஞ்சம் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, குடுவைக்கு மாற்றி, பீக்கரை ரெண்டு மூன்று முறை அலசி அதையும் ஊற்றி, அப்புறம் குறி வரை நிரப்புங்கள். குழாய்த் தண்ணீர் ஆகாது. அதிலுள்ள பைகார்பனேட் காப்பரோடு சேர்ந்து கரைசலைக் கலங்கடிக்கும்.

மோல் என்பது எண்ணிக்கை. ஒரு மோலில் 6.022 × 10²³ துகள்கள். தராசுக்கு எண்ணத் தெரியாது, எடை மட்டும்தான் சொல்லும். எடையிலிருந்து எண்ணிக்கைக்குப் போக நமக்கு இருக்கிற ஒரே பாலம் மோலார் நிறை. அது தராசுத் தட்டில் கிடக்கும் பொருளுடையதாக இருக்க வேண்டும். ஆகவே வாய்பாட்டைப் புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், பாட்டிலின் லேபிளிலிருந்து எடுங்கள். லேபிளிலேயே மோலார் நிறையும் அச்சிட்டிருக்கும். நீங்கள் போட்ட கூட்டல் அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு எடை போடப் போனால், நீங்கள் சொல்கிற மாதிரிப் பிழை வரவே வராது. ஆக்சாலிக் அமிலத்திலும் இதே கதைதான். நீரற்றது 90.03. லேபில் வழக்கமாக இருப்பது இரண்டு நீரோடு கூடியது, 126.07.

அதே லேபிளில் தூய்மை சதவீதமும் இருக்கும். 98 என்றிருந்தால் 6.24-ஐ 0.98 ஆல் வகுத்து 6.37 கிராம் எடுக்க வேண்டும்.

அடைப்புக்குறியிலும் கவனம் வேண்டும். அம்மோனியம் சல்பேட்டில் அடைப்புக்குள் ஒரு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். வெளியே கீழே 2. அந்த 2 உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். நைட்ரஜன் இரண்டு, ஹைட்ரஜன் எட்டு, மோலார் நிறை 132.1. நைட்ரஜனை மட்டும் இரட்டிப்பாக்கி ஹைட்ரஜனை நான்காகவே விட்டால் 128.1 வரும். பார்வைக்குச் சரியான எண் போலவே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது, அதுதான் ஆபத்து.

பள்ளியில் ஒரு முக்கோணம் வரைந்து, அதில் எடை, மோல், மோலார் நிறை மூன்றையும் எழுதி, வேண்டியதை விரலால் மறைத்துச் சூத்திரம் எடுக்கச் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகை எழுதுங்கள்: கிராம், மோல், ஒரு மோலுக்கு இத்தனை கிராம். பெருக்க வேண்டியதை வகுத்துவிட்டால் அலகே பொருளில்லாமல் நிற்கும், உடனே கண்ணில் படும்.

கணக்கு சரியாக இருந்தும் தராசு நம்மை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. சென்னையில் படிப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 40.00. 250 மில்லி 0.1 மோலாருக்கு 1.00 கிராம் போதும். ஆனால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அந்த வில்லைகளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் மேல்புறம் பளபளவென்று ஈரமாகும், தராசின் கடைசி இலக்கம் நிற்காமல் ஏறிக்கொண்டே இருக்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் அது இழுத்துக்கொள்ளும். எடையை நம்பி அதன் செறிவை எழுதக் கூடாது. தோராயமாக எடுத்துக் கரைத்து, ஆக்சாலிக் அமிலக் கரைசலோடு டைட்ரேட் செய்து உண்மையான செறிவைக் கண்டுபிடியுங்கள்.

சரி, அப்பாவின் கேள்விக்கு வருவோம். 'கால்சியம் கார்பனேட்டாக' என்றால், அந்தத் தண்ணீரில் உள்ள கால்சியம் முழுவதும் கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் எவ்வளவு எடை வரும் என்று கணக்கிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். கால்சியம் 40.08, கார்பன் 12.01, ஆக்சிஜன் மூன்று 48.00, மொத்தம் 100.09. 200 மில்லிகிராமை 100.09 ஆல் வகுத்தால் 2.00 மில்லிமோல். ஒரு கால்சியம் கார்பனேட்டில் ஒரே ஒரு கால்சியம் என்பதால் கால்சியமும் 2.00 மில்லிமோல்தான். அதை 40.08 ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 80 மில்லிகிராம்.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, கால்சியத்துக்கு 75 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைத்திருக்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாதபோது 200 வரை அனுமதிக்கிறது. உங்கள் தண்ணீர் முதல் எல்லையைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஒன்றை மட்டும் அப்பாவிடம் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் 'மொத்தக் கடினத்தன்மை' என்று இருக்கும் எண்ணை வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது, அதில் மெக்னீசியமும் சேர்ந்திருக்கும். மொத்தத்திலிருந்து கால்சியம் கடினத்தன்மையைக் கழித்து, மிச்சத்தை 100.09 ஆல் வகுத்து 24.31 ஆல் பெருக்கினால் மெக்னீசியத்தின் அளவு தனியாகக் கிடைத்துவிடும்.