சதுரமாக இருக்கிற மல்யுத்த மேடைக்கு ஏன் ‘ரிங்’ என்று பெயர்? அடியில் ஸ்பிரிங் வைத்திருப்பதால் விழுந்தாலும் வலிக்காதாமே, உண்மையா?

இதைக் கேட்டவர் ஒன்று பள்ளிக்கூடப் பையனாக இருக்க வேண்டும், அல்லது பையனிடம் பந்தயம் கட்டிவிட்டு விடை தேடுகிற அப்பாவாக இருக்க வேண்டும். யாராக இருந்தாலும் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வலிக்கும். எனக்கு வலித்திருக்கிறது. இப்போதும் சட்டை தைக்க அளவு கொடுக்கப் போனால், “தோள் ஒரு பக்கம் ஏறியிருக்கே தம்பி” என்பார் டெய்லர்.

கீழே கமென்டில் வந்து ‘எல்லாம் நடிப்பு, ஸ்கிரிப்ட்’ என்று எழுதப்போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். டிவியில் வருகிற மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்று பேசி வைத்துத்தான் ஆடுகிறார்கள், எனக்கும் தெரியும். ஆனால் மேடைப் பலகையிடம் யாரும் பேசி வைப்பதில்லை.

பெயர் குத்துச்சண்டையிலிருந்து வந்தது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் இரண்டு பேர் மோதினால் ஜனம் சுற்றி வட்டம் கட்டி நிற்கும், நம் பக்கம் சேவல் சண்டைக்கு நிற்பதுபோல. அந்த வட்டம்தான் ரிங். கூட்டம் நெருக்கியடித்து உள்ளே விழாமலிருக்கக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். கயிற்றை இழுத்துக் கட்டினால் நேர்கோடுதானே வரும்? வட்டம் எங்கே வரப்போகிறது? 1838-இல் எழுதிய லண்டன் பிரைஸ் ரிங் விதிகளில் கணக்கே இருக்கிறது: புல்தரையில் 24 அடிச் சதுரம், எட்டு முளை, இரண்டு வரிசைக் கயிறு, மேல் கயிறு தரையிலிருந்து 4 அடி, கீழ்க் கயிறு 2 அடி. வடிவம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. வேடிக்கை என்னவென்றால், ஒலிம்பிக் மல்யுத்தம் 9 மீட்டர் விட்டமுள்ள நிஜ வட்டத்துக்குள்தான் நடக்கிறது. அதை எல்லோரும் மேட் என்கிறார்கள்.

இந்த எட்டு முளைக் கணக்கை நான் படித்தது பெரியவனான பிறகு. படித்ததும் சிரித்துவிட்டேன். 2003-இல் எங்கள் கடற்கரையில் நாங்கள் போட்ட ரிங் கிட்டத்தட்ட அதேதான்.

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், சம்பந்தப்பட்ட ஆட்களெல்லாம் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம் அப்போது 45 நாள். இப்போதுதான் 61 நாளாக்கி, ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது என்றிருக்கிறது. தடைக்காலமும் முழுப்பரீட்சை லீவும் ஒன்றாக வரும். அப்பாக்கள் வலை பொத்திக்கொண்டு நிழலில் இருப்பார்கள், படகுக் கயிறெல்லாம் சும்மா கிடக்கும். நாங்கள் ஒன்பது பேர், மல்லர்கள் படம் போட்ட டிரம்ப் கார்டு விளையாடி விளையாடி எல்லா மல்லர்களின் எடையும் உயரமும் மனப்பாடம். இனி நிஜ ரிங் போடுவது என்று முடிவாயிற்று. எனக்குப் பதின்மூன்று வயது.

நாலு சவுக்குக் கட்டை, மணலில் இடுப்பளவு குழி, நைலான் கயிறு மூன்று வரிசை. (குத்துச்சண்டைக்கு நாலு கயிறு, மல்யுத்தத்துக்கு மூன்று. அதில் மட்டும் நாங்கள் சரியாக இருந்தோம்.) மூலைக்குப் பழைய வலையைச் சுருட்டி மெத்தை. இரண்டு நாள் பிரமாதமாகப் போயிற்று. பிறகு ஒரு குறை கண்டுபிடித்தோம்: மணலில் விழுந்தால் சத்தமே வரவில்லை. டிவியில் வருகிற ‘டமார்’ இல்லாமல் என்ன ரிங்?

அந்தச் சத்தத்துக்கு அவர்கள் எப்படிக் கட்டுகிறார்கள் என்றால், அடியில் இரும்புச் சட்டம், அதன்மேல் குறுக்கு உத்தரங்கள், அதன்மேல் பலகை, பலகைமேல் மெல்லிசாக ஒரு ஃபோம், எல்லாவற்றையும் மூடி இழுத்துக் கட்டின கேன்வாஸ். சில மேடைகளில் நடுவே ஸ்பிரிங் இருந்ததுண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலும் உத்தரமும் பலகையும் கொஞ்சம் வளைந்து கொடுப்பதைத்தான் நீங்கள் ஸ்பிரிங் என்று நினைக்கிறீர்கள். மேடைக்கு அடியில் வெற்றிடம், ஓரத்தில் திரை. மத்தளம் மாதிரி அதுவே அதிரும், பற்றாததற்கு அடியில் மைக்கும் வைப்பார்கள்.

எங்களுக்கு மைக் இல்லை. மீன் அள்ளுகிற பிளாஸ்டிக் பெட்டிகளைக் கவிழ்த்து வரிசையாக அடுக்கினோம். பலகைக்கு எங்கள் மாமா. அம்மாவின் தம்பி, ஓடாவி, வல்லம் என்கிற நாட்டுப் படகு கட்டுகிறவர். அவர் சாப்பிட்டுப் படுக்கிற நேரம் பார்த்து பதினான்கு பலகை கொண்டுவந்தோம். ‘திருடினோம்’ என்று படித்துக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. மேலே தார்ப்பாய். ஏறிக் குதித்தேன், டமார்! பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாவது ஆட்டம். எதிரில் நின்றவனை, குண்டு மல்லர் ஒருவரின் பெயரை வைத்து, யோகோசுனா என்றுதான் கூப்பிடுவோம், இப்போது அவன் இரண்டு பிள்ளைக்கு அப்பன். நான் கயிற்றைப் பார்த்து ஓடினேன். நிஜ மல்லர் ஓடும்போது கவனியுங்கள்: மூன்று எட்டு வைத்து மேடையைக் கடப்பார்கள், கடைசியில் திரும்பி முதுகைக் கயிற்றில் கொடுத்து, ஒரு கையால் மேல் கயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கயிறு விறைப்பாக இருக்கும். டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்கிற பெரிய அமெரிக்க மல்யுத்தக் கம்பெனியில் உண்மையான கயிற்றுக்கு டேப் சுற்றியிருப்பார்கள். வேறு பல இடங்களில் இரும்புக் கம்பிவடத்துக்கு ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். இரண்டுமே உடம்பில் கோடு போடும். மூலையில் இருக்கிற டர்ன்பக்கிள் என்கிற திருகை முறுக்கி வடத்தை இறுக்குவார்கள்.

எங்கள் நைலான் கயிறோ நீண்டுகொண்டே போயிற்று. முந்தின நாள் தொய்ந்துவிட்டதே என்று நாங்களே வெறி பிடித்த மாதிரி இழுத்து இறுக்கியிருந்தோம், நாலு கட்டையும் ஏற்கெனவே உள்பக்கம் சாய்ந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. நான் முதுகைக் கொடுத்தேன், யோகோசுனா எதிர்க்கயிற்றில் கொடுத்தான். இரண்டு கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. பெட்டி சரிந்தது, பலகை எழும்பியது, எனக்கு மேல் அவன். காறை எலும்பு முறிகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. டமார் என்றெல்லாம் இல்லை, முறுக்கு ஒடிகிற மாதிரி.

மாமா ஓடிவந்தார். முதலில் பலகையை எண்ணினார், அப்புறம்தான் என்னைப் பார்த்தார். இது எங்கள் குடும்பத்தில் இருபது வருஷமாக ஓடுகிற வழக்கு, அவர் மறுப்பார், நம்பாதீர்கள்.

கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவர்தான் விளக்கினார். “மருமவனே, கயிறு நாலு கட்டையையும் உள்ளதான் இழுக்கும். மணல் எத்தனை நாளைக்குப் பிடிக்கும்? கட்டைக்குக் கட்டை கீழ ஒரு சட்டம் போட்டியா? ஏரா இல்லாம வல்லம் கட்டுவியா நீ?” (ஏரா என்றால் படகின் அடியில் நீளவாக்கில் ஓடுகிற கட்டை.) இதுதான் விஷயமே. நான் இன்ஜினியர் இல்லை, தப்பிருந்தால் திருத்துங்கள், ஆனால் மூலையில் இரண்டு கயிறும் சேர்ந்து கம்பத்தை மேடையின் நடுவைப் பார்த்து இழுக்கின்றன. அந்த இழுப்பைத் தாங்குவது தரை இல்லை, கம்பங்களுக்கு இடையில் கீழே ஓடுகிற சட்டம். அதனால்தான் அவர்கள் தரையில் ஒரு ஆணிகூட அடிக்காமல் எந்த ஊர் அரங்கத்திலும் மேடையை நிறுத்திவிட்டு மறுநாள் கழற்றிக்கொண்டு போகிறார்கள்.

இந்தக் கதையைக் கல்லூரி ஹாஸ்டலில் சொன்னால் எவனும் எலும்பைப் பற்றிக் கேட்டதில்லை. “ராம்நாடா? தண்ணியில்லாக் காடாச்சே!” சினிமாவில் அதிகாரி மிரட்டுவதற்கு எங்கள் ஜில்லாதான் கிடைத்தது. ஆமாம், எங்கள் அம்மா தள்ளுவண்டியில் ஐந்து குடம் வைத்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கிறார், குடத்துக்குக் காசு கொடுத்து. அதில் சிரிக்க என்ன இருக்கிறது? எனக்கு எலும்பு ஒடிந்திருந்த மாதத்தில் வண்டி தள்ள ஆள் இல்லாமல் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் அந்த ஹாஸ்டல் பயல்கள்மேல் கோபம் வருகிறது. சரி, ரிங்குக்கு வருகிறேன்.

சதுரம்தான் வேண்டுமா என்றும் சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் டி.என்.ஏ. என்கிற மல்யுத்தக் கம்பெனி 2004-இல் ஆறு பக்க ரிங் வைத்தது. 2010-இல் சதுரத்துக்குத் திரும்பி, 2014-இல் மறுபடி ஆறு பக்கம், 2018-இல் மறுபடி சதுரம். பார்க்க அழகு. ஆனால் பக்கம் குட்டையானால் கயிறும் குட்டை, குட்டைக் கயிறு அவ்வளவாக வளைந்து கொடுக்காது. வலை இழுத்தவன் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வான்.

தடைக்காலம் முடிந்த அன்று கயிறெல்லாம் படகேறிவிட்டது. ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், தொட்டில் கட்டோடு பக்கத்து வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிராக் லெஸ்னர் என்கிற மல்லர், பிக் ஷோ என்கிற ராட்சத மல்லரை மூலைக் கயிற்றின் உச்சியிலிருந்து தூக்கிப் போடுகிறார். மொத்த ரிங்கும் அப்படியே உட்கார்ந்துவிட்டது, கம்பங்கள் உள்பக்கம் சாய்ந்து கயிறு தொங்குகிறது. அது ஏற்பாடு பண்ணி உடைத்தது என்பது பிறகு தெரிந்தது. அந்த நிமிஷம் வீட்டிலிருந்த அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள்.

வாசற்படியில் நின்றிருந்த மாமா மட்டும் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை.

“பலகை யாருதுடா?” என்றார்.