ரோசிக்கு இன்னும் நாள் இருக்கிறது

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் என் கணவர் சூப்பர்வைசர். எங்கள் லாப்ரடார் ரோசிக்குப் பதினொரு மாதம். முதல் தடவையாக ஹீட்டுக்கு வந்திருந்தாள். பழம் எடுக்கிற சீசன், ஆள் நடமாட்டம் அதிகம். மார்கழி 3ஆம் தேதி காலையில் யாரோ கேட்டைச் சாத்தாமல் போக, களத்துப் பக்கம் சுற்றும் ஒரு கடுவன் நாய் உள்ளே வந்துவிட்டது. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது இரண்டும் பிரிய முடியாமல் நின்றன. வாட்ச்மேன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், பிரியவில்லை. கால் மணி நேரம் கழித்துத் தானாகப் பிரிந்தன. இன்றோடு பத்து நாள். மெடிக்கலில் கர்ப்பம் பார்க்கிற கிட் வாங்கி அவள் மூத்திரத்தில் சோதித்தேன். ஒரே கோடுதான் வந்தது. மாமியார் பப்பாளியும் எள்ளுருண்டையும் கொடுக்கச் சொல்கிறார். கணவரோ, "ஒரு ஊசி போட்டால் கலைந்துவிடும். இல்லாவிட்டால் குட்டிகளை மலைப்பாதையில் ஏதாவது கடைப் பக்கம் விட்டுவிடலாம்" என்கிறார். நாட்டு நாயோடு சேர்ந்துவிட்டதால் இனி எந்தக் காலத்திலும் ஜாதிக் குட்டி பிறக்காது என்று அவருடைய நண்பர் வேறு பயமுறுத்துகிறார். நான் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்: அந்தக் கிட்டை முதலில் தூக்கிப் போடுங்கள், சகோதரி. ஒரு கோடு வந்தாலும் இரண்டு கோடு வந்தாலும் ரோசி விஷயத்தில் அதற்கு அர்த்தம் கிடையாது. பெண்கள் கருவுற்றால் சுரக்கும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத்தான் அது தேடுகிறது. நாய்க்கு அந்த ஹார்மோன் இல்லை. மெடிக்கல்காரர் யாருக்கு என்று கேட்டிருக்க மாட்டார், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள்!

வயிற்றையும் காம்பையும் பார்த்து முடிவு செய்கிற பழக்கமும் நம் ஊரில் உண்டு. அதையும் நம்ப முடியாது. ஹீட் முடிந்த பெட்டை நாய்க்கு, சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஏறக்குறைய இரண்டு மாதம் உடம்பில் ஒரே ஹார்மோன்தான் ஓடுகிறது. அதனால் சினையே இல்லாத நாய்க்கும் மடி இறங்கும், பால்கூடச் சுரக்கும். பழைய துணியை இழுத்து வந்து கட்டிலுக்கடியில் படுக்கை போடும், செருப்பைக் குட்டி மாதிரி அணைத்துக்கொண்டு படுத்திருக்கும். பொய்ச் சினை என்பது இதுதான். ரோசி அப்படிச் செய்தால் திட்டாதீர்கள், பாலைப் பீய்ச்சியும் பார்க்காதீர்கள். பீய்ச்சப் பீய்ச்ச இன்னும் ஊறும். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் தானாக வற்றிவிடும்.

சரி, எப்போதுதான் தெரியும்? சேர்ந்த நாளிலிருந்து நான்கு வாரம் கழிந்தால் ஸ்கேனில் தெரியும். மார்கழி 3க்குக் கணக்குப் போட்டால் பொங்கல் முடிந்த கையோடு போகலாம்; மாட்டுப் பொங்கல் அன்று போய் நின்று கிளினிக் பூட்டியிருக்கிறது என்று திரும்பி வராதீர்கள். ஏற்காட்டிலிருக்கும் அரசு கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். ஸ்கேனுக்கு எப்படியும் கீழே இறங்க வேண்டியிருக்கும். சேலத்துக் கிளினிக்குகளில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நாமக்கல்லிலும் தலைவாசலிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. போகும் முன் ஸ்கேன் எந்தெந்த நாளில் உண்டு என்று போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது வயிறு நிறைந்திருந்தால் ரோசி வாந்தி எடுத்துவிடுவாள், அன்று காலைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடுங்கள்.

ஒரு தடவை சேர்ந்தாலே சினை என்று இல்லை. நாள் தவறியிருந்தால் பிடிக்காது. ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம், ஏனென்றால் நாயின் உடலுக்குள் கடுவனின் விந்து ஒரு வாரம் வரைகூட உயிரோடு இருக்கும். இன்னொன்று, ஹீட் மொத்தம் மூன்று வாரம் வரை போகும். ரத்தம் நின்று கசிவு வெளிறியதும் பலர் ஆபத்து முடிந்தது என்று அவிழ்த்து விடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் பெட்டை கடுவனை ஏற்றுக்கொள்ளும். அந்த வாரத்தில் வேறு நாயும் வந்திருந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் குட்டிகள் பிறக்கலாம். கசிவும் வீக்கமும் முழுதாக அடங்கி ஒரு வாரம் ஆகும்வரை கயிறில்லாமல் வெளியே விடாதீர்கள்.

வாட்ச்மேன் ஊற்றிய தண்ணீருக்குப் பலன் இல்லாமல் போனது நல்லதுதான். கடுவனின் உறுப்பு உள்ளே வீங்கிப் பூட்டிக்கொள்வதால்தான் அவை பிரிய முடியாமல் நிற்கின்றன. அந்த நேரத்தில் கல்லால் அடிப்பதும் வெந்நீர் ஊற்றுவதும் காலைப் பிடித்து இழுப்பதும் நம் தெருக்களில் சாதாரணமாக நடக்கிறது. அதில் இரண்டுக்குமே உள்ளே கிழியும். சேர்ந்தது சேர்ந்ததுதான், பிரிப்பதால் சினை தடைபடப் போவதில்லை.

ரோசியின் உடம்பில் முடியை விலக்கி எங்காவது பல் பட்ட தடம் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?  தடம் இருந்தால், ஆறிப்போயிருந்தாலும், டாக்டரிடம் சொல்லுங்கள். ரோசியின் வெறிநாய்த் தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். நம் ஊர்த் தெருநாய்களிடம் பரவலாக இருக்கும் இன்னொரு நோயும் உண்டு. சேரும்போது தொற்றுகிற ஒரு வகைக் கட்டி அது. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து, பெண்ணுறுப்பில் காலிபிளவர் மாதிரி சதை வளர்ந்து சொட்டுச் சொட்டாக ரத்தம் வரும். மறுபடி ஹீட் வந்துவிட்டது என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். வாரம் ஒரு ஊசியாகச் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகிற நோய்தான், கண்ணில் பட்டதும் காட்ட வேண்டும்.

மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். பப்பாளியாலும் எள்ளாலும் நாய்ச் சினை கலையாது, வயிற்றுப்போக்குதான் வரும். அவர் சொன்னதிலாவது பெரிய ஆபத்தில்லை. உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற ஊசிதான் எனக்குக் கவலை. அந்தக் காலத்திலிருந்து புழங்கும் ஈஸ்ட்ரோஜன் வகை ஊசி எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்தம் ஊறுவதையே குறைத்துவிடக் கூடியது. கருப்பையில் சீழ் பிடிக்கவும் வழி செய்யும். சினை இருக்கிறதா என்றே தெரியாமல் இதைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மனிதர்களுக்கான கருக்கலைப்பு மாத்திரையை வாங்கிப் பாதி உடைத்துக் கொடுப்பதும் அதே ரகம்தான். கலைக்கத்தான் வேண்டும் என்றால், ஸ்கேன் பார்த்த பிறகு, தன் கண்காணிப்பில் வைத்துச் செய்கிற டாக்டரிடம் மட்டும்.

சீழ் பிடிப்பது ஊசி போடாத நாய்க்கும் வரும். ஹீட் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் ரோசி வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்து, சாப்பாட்டை ஒதுக்கி, வாந்தி எடுத்து, பின்னால் நாற்றமடிக்கும் கசிவும் இருந்தால் சினைக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. சில நாய்களுக்குக் கசிவு வெளியே வராமல் உள்ளேயே தேங்கும். அது இன்னும் மோசம்.

நண்பருக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். இந்த ஈற்றின் குட்டிக்கும் அடுத்த ஈற்றின் குட்டிக்கும் தகப்பன் வழியில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சினை உறுதியானால் என்ன செய்வது என்பதில் என் கருத்தை ஒளிக்கப் போவதில்லை. ரோசி இன்னும் வளர்ந்து முடியவில்லை, ஒரு வயதுகூட ஆகவில்லை. லாப்ரடாருக்கு ஆறு, எட்டுக் குட்டி சாதாரணம். அத்தனைக்கும் வீடு கண்டுபிடிக்க முடியுமா என்று நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் உட்கார்ந்து பேர் எழுதிப் பாருங்கள். "பார்க்கலாம்" என்றவர்களை எழுதாதீர்கள். பேர் தேறவில்லை என்றால், சினையின் ஆரம்பத்திலேயே கருப்பையை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை இருக்கிறது. ஸ்கேன் முடிந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள். தள்ளத் தள்ளக் கருப்பைக்கு ரத்த ஓட்டம் கூடும், ஆபத்தும் கூடும். மனசு ஒப்பவில்லை என்றால் அதையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குட்டிகளைப் பெற விடுகிறவர்கள்தான் அவற்றுக்கு வீடும் பார்க்க வேண்டும்.

பெற விடுவதென்றால் மாசி முதல் வாரத்தை ஒட்டிக் குட்டிகள் வரும். சராசரி 63 நாள், ஒரு வாரம் முன்பின் ஆகலாம். முதல் ஐந்து வாரம் சாப்பாட்டைக் கூட்ட வேண்டாம். அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, கடைசியில் நாலு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள், வயிறு நெருக்கும். கால்சியம் டானிக் மட்டும் சுயமாக ஊற்றாதீர்கள். சினைக் காலத்தில் வெளியிலிருந்து கால்சியம் கொடுத்தால், பால் கொடுக்கும் நேரத்தில் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க உடம்பு தடுமாறும். விறைப்பும் நடுக்கமும் மூச்சிரைப்புமாகத் தாய் சரிந்துவிடுவாள். 55ஆம் நாள் வாக்கில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். உள்ளே ஒன்று தங்கிவிட்டதா என்று பிரசவ ராத்திரியில் தவிக்க வேண்டியதில்லை.

உங்கள் ஊர்க் குளிர்தான் பெரிய விஷயம். பிறந்த குட்டிக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்துக்கொள்ளத் தெரியாது. காற்று அடிக்காத மூலையில் ரோசி நீட்டிப் படுக்கிற அளவு பெட்டி, அடியில் சாக்கு, மேலே பழைய பருத்திச் சேலை. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஓரமாக வையுங்கள், குட்டிகள் வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ள இடம் இருக்கட்டும். கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் கூடவே கூடாது, புகையில் எல்லாமே போய்விடும்.

கடைசி வாரம் காலையும் மாலையும் ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வழக்கமாக 101 டிகிரிக்கு மேல் இருப்பது 99க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் வலி எடுக்கும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வருகிறது, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி – இதில் எது நடந்தாலும் டாக்டர். ராத்திரியில் பனிமூட்டத்தோடு மலை இறங்குவதை நினைத்துப் பாருங்கள். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் தேதிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பே ரோசியைக் கூட்டிப் போய்விடுவது உத்தமம். முந்தின நாள் கூட்டிப் போனால் புது இடத்தில் மிரளுவாள்.

மலைப்பாதையில் விடும் பேச்சை உங்கள் வீட்டுக்காரர் இனி எடுக்க வேண்டாம். வளர்ப்புப் பிராணியைப் பசி தாகத்தில் தவிக்கும் நிலையில் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், வண்டி திரும்புகிற வளைவில், கண் திறந்து சில நாளே ஆன குட்டி என்ன செய்யும்? தாயிடமிருந்து எட்டு வாரம் பிரிக்காமல், குடற்புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் போட்ட பிறகு, கொண்டுபோகிறவர் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள். பெட்டைக் குட்டியை யாரும் கேட்க மாட்டார்கள். அதற்கு வேளை வந்ததும் கருத்தடை செய்துகொள்ளச் சம்மதிக்கிறவராகப் பார்த்துக் கொடுங்கள்.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தால் சந்தோஷப்பட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். ஆறேழு மாதத்தில் அடுத்த ஹீட் வரும், கேட்டும் அதே கேட்தான். இந்த ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, பொய்ச் சினை இருந்தால் அதுவும் அடங்கிய பின், கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள். குட்டி போட்டிருந்தால் பால் வற்றிய பிறகு. ஒரு ஈற்றாவது போட்டால்தான் நாய்க்கு ஆரோக்கியம் என்று யாராவது சொல்வார்கள், அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. கருத்தடை செய்த நாய்க்குச் சீழ் பிடிக்கும் பயமும் அநேகமாக நீங்கும்.

அந்தக் கடுவனையும் விட்டுவிடாதீர்கள். அது இன்னொரு லைன் வீட்டு நாயைத் தேடிப் போகும். அதற்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டு விதை நீக்குவது பற்றி எஸ்டேட் முதலாளியிடம் உங்கள் வீட்டுக்காரர் பேசட்டும். சீசன் முடிந்து ஆள் குறைந்தால் பிடிப்பது சுலபம். களத்தில் அதற்குச் சோறு போடுகிறவர் யாரோ இருப்பார், பெரும்பாலும் அந்த வாட்ச்மேனாகத்தான் இருக்கும். அவர் கூப்பிட்டால் வண்டியில் தானாக ஏறிவிடும்.