செல்ஃப் எடுக்கிறது, வண்டி பிடிக்கவில்லை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், ஏதோ ஒரு பாகத்தை மாற்றிய பிறகு கேட்கப்பட்டவை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பெட்ரோல் என்ஜின் பிடிக்க மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் பிளக்கில் கரண்ட், தேவையான பெட்ரோல், போதுமான கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்குவது). இவற்றில் எது இல்லை என்று தெரியும்வரை கடைக்குப் போகாதீர்கள். இன்னொன்று, செல்ஃபைத் தொடர்ந்து 10 நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். நடுவில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள்.

திருப்பூர், 2012 ஆல்டோ: ராத்திரி நன்றாக ஓடிய வண்டி சார். காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவே இல்லை. மூன்று பிளக்கும் மாற்றிவிட்டேன்.

ராத்திரிவரை சரியாக ஓடிய வண்டியில் மூன்று பிளக்கும் ஒன்றாகச் செத்துப்போகாது. மூன்றுக்கும் பொதுவான ஒன்றுதான் போயிருக்கும்.

முதலில் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசி ஃபேன், ரேடியோ எல்லாவற்றையும் அணைத்து, சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பின் சீட்டுப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் வந்து நிற்க வேண்டும். டாங்கிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. ரோட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை என்றால், பின் சீட்டில் ஒருவரை உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சத்தமே இல்லையா? பம்புக்கான ஃபியூஸைப் பாருங்கள். அடுத்து ரிலே, அதாவது பம்புக்குக் கரண்ட் விடும் சின்ன சுவிட்ச். அதே பெட்டியில் அதே எண் போட்ட வேறு ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், செலவே இல்லை. அதற்கும் அசையவில்லை என்றால், ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டாங்கியின் அடியில் கையால் நாலு தட்டு தட்டட்டும். உடனே பிடித்தால் பம்பின் கார்பன் தேய்ந்துவிட்டது. அந்த உயிர் ரொம்ப நாள் தாங்காது, நேராக மெக்கானிக்கிடம் ஓட்டிப் போய்விடுங்கள். பெட்ரோலில் மூழ்கியிருந்தால்தான் பம்ப் சூடாகாமல் இருக்கும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

அதே நண்பர்: பம்ப் சத்தம் வருகிறது சார்.

சரி, அப்படியானால் செல்ஃப் அடித்த கையோடு ஒரு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, பெரும்பாலும் கரண்ட் இல்லை. காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே இறங்கவில்லை. பம்ப் சத்தம் வந்தாலே அழுத்தம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஃபில்டர் அடைத்திருக்கலாம், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு சிக்னல் போகாமலும் இருக்கலாம். கரண்ட் பார்க்க வயரைக் கையில் பிடிக்காதீர்கள், அதில் ஓடுவது பல ஆயிரம் வோல்ட். ஸ்பார்க் டெஸ்டர் மலிவாகக் கிடைக்கிறது.

நாமக்கல்: மாமா செல்ஃப் அடித்து அடித்து, இப்போது ஒரே பெட்ரோல் வாசனை. என்ன செய்வது அண்ணா?

பிளக் நனைந்துவிட்டது தங்கச்சி. பத்து நிமிடம் விட்டுவிட்டு, ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்தபடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று காற்று மட்டும் போகும், சிலிண்டர் காய்ந்துவிடும். பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும். வாசனை போகும்வரை பக்கத்தில் யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம்.

சேலம், பழைய சாண்ட்ரோ: செல்ஃப் சத்தமே மாறிவிட்டது. வழக்கத்தைவிட வேகமாக, லேசாகச் சுற்றுகிறது.

உடனே நிறுத்துங்கள். நல்ல என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை அமுக்கும்போது செல்ஃப் கொஞ்சம் திணறும், அதனால்தான் அந்த ஏற்ற இறக்கம். அது இல்லாமல் மிக்ஸி போலச் சீராக ஓடினால் கம்ப்ரஷன் இல்லை. முதல் சந்தேகம், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றவைக்கும் டைமிங் பெல்ட் அறுந்ததுதான். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒருவர் ஒரே ஒரு நொடி செல்ஃப் அடிக்கும்போது மேலே தெரியும் தண்டு அசையவில்லை என்றால் சந்தேகம் உறுதி. பெல்ட் அறுந்தால் சில என்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். அதைச் சோதிக்காமல் புது பெல்ட் மட்டும் மாட்டச் சம்மதிக்காதீர்கள்.

மதுரை: வெயிலில் ஓடும்போதே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது.

சூட்டில் செத்து, ஆறியதும் பிழைப்பது கிராங்க் சென்சாரின் குணம். அதிலிருந்து சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டருக்கு என்ஜின் சுற்றுவதே தெரியாது. கரண்டும் கொடுக்காது, பெட்ரோலும் விடாது. அடுத்த முறை நின்றதும் செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் அது லேசாக எழும்பும், சிலவற்றில் எழும்பாது. அதனால் உங்கள் வண்டி நன்றாக இருக்கும்போதே ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேனரில் இந்த சென்சாருக்கான கோளாறு எண் பி0335 வந்தாலும் உடனே சென்சார் வாங்க வேண்டாம். அந்த வயரையும் சாக்கெட்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள், எலி கடித்த வயருக்கும் இதே எண் வரும்.

தேனி, டீசல் பொலேரோ: ஃபில்டர் மாற்றினோம், அதிலிருந்து பிடிக்கவில்லை.

ஏர் பிடித்துவிட்டது, அதாவது டீசல் போகும் வழியில் காற்று புகுந்துவிட்டது. ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கை பம்பை, கெட்டியாகும்வரை அமுக்குங்கள். ஏர் ஸ்குரூ இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். சிஆர்டிஐ (டீசலை அதிக அழுத்தத்தில் பீய்ச்சும் காமன் ரெயில்) வண்டி என்றால் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயில் கை வைக்கவே கூடாது. அதில் அழுத்தம் 1000 பாருக்கு மேல் போகும், பீய்ச்சினால் தோலைத் துளைத்துவிடும்.

டீசல்காரர்கள் எல்லோருக்கும் ஒரு குறிப்பு: செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. அங்கே ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

கும்பகோணம்: மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு விடாமல் மின்னுகிறது.

திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. கொத்தில் இருக்கும் மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள், அப்புறம் வீட்டில் உள்ள இரண்டாவது சாவி. அதில் பிடித்தால் என்ஜினில் எந்தக் கோளாறும் இல்லை.

கரூர்: தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா அண்ணே?

செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது தள்ளி என்ன பயன்? தள்ளுவது பேட்டரி இறங்கிய வண்டிக்கு. வீணாகத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போய், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்.

வேளச்சேரி: மழைவெள்ளம் கதவு உயரம் வந்து வடிந்துவிட்டது. ஒருமுறை செல்ஃப் அடித்துப் பார்க்கட்டுமா?

வேண்டாம் சார், தயவுசெய்து சாவியே போடாதீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ வண்டிகள் நனைந்தன. அப்படி நனைந்த வண்டியில், தண்ணீர் வடிந்த பிறகு அடிக்கும் அந்த ஒரு செல்ஃபே என்ஜினைக் கெடுத்துவிடும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் தண்ணீர் இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, ஆயில் குச்சியில் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் டோ வண்டிதான். மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இதில் எதையும் தொடும் முன் தண்ணீர்க் கறை தெரியும்படி போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிடுங்கள். ‘என்ஜின் புரொடெக்ட்’ சேர்த்திருக்கிறீர்களா என்றும் பாலிசியில் பாருங்கள். அது இல்லாவிட்டால் தண்ணீர் புகுந்து கெட்ட என்ஜினுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம்.