112 டிகிரியில் நின்றுவிட்ட பர்ன்-இன் சேம்பர்: பாக்கியைக் கொடுத்தே ஆக வேண்டுமா?

கேள்வி: மதுரை கப்பலூரில் ஆறு பேரை வைத்து, மின்னணு போர்டுகளைச் சோதித்துத் தரும் பட்டறை நடத்துகிறேன். ‘எல்லாத் தட்டிலும் 125 டிகிரி, 168 மணி நேரம் தொடர்ச்சியாக’ என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதி, பெங்களூரு நிறுவனம் ஒன்றிடம் 9 லட்சத்துக்கு பர்ன்-இன் சேம்பர் (போர்டுகளை நீண்ட நேரம் சூட்டில் வைத்துச் சோதிக்கும் பெட்டி) வாங்கினேன். கீழ்த்தட்டு 112 டிகிரியைத் தாண்டவில்லை. ஒன்பதாம் நாளே வாட்ஸ்அப்பில் எழுதினேன். ஆள் வந்து பார்த்தும் சரியாகவில்லை. 2 லட்சத்தை நிறுத்தி வைத்தேன். ‘நாங்கள் சிறு நிறுவனம், வட்டியோடு கொடு’ என்று விற்றவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லிலும் இருக்கிறது. என்ன செய்வது ஐயா?

பதில்: அந்த ஒன்பதாம் நாள் செய்திதான் உங்களைக் காப்பாற்றப் போகிறது. குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் (2006) கடுமையானது. சிறு நிறுவனத்தின் பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடித்தால், ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபித்திருந்தால், விற்றவர் குறையை நீக்கிய நாளிலிருந்துதான் அந்த நாள் கணக்கு ஓடும். உங்கள் குறை இன்னும் நீங்கவே இல்லை. தயவுசெய்து அந்த உரையாடலை அழிக்காதீர்கள், செல்போனையும் மாற்றாதீர்கள். அதைச் சாட்சியமாக வைக்க, பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்.

பில் வாசகத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். சொன்ன விவரப்படி சரக்கு இருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம். பர்ன்-இன் சோதனைக்கு உயிரே சூடுதான். வாடிக்கையாளரிடம் போய்ச் சீக்கிரமே சாகக்கூடிய சிப்பைச் சோதனையிலேயே பிடிக்கத்தான் அதை வேகவைக்கிறோம். 13 டிகிரி குறைந்தால் பலவீனமான சிப்பும் தேறிவிடலாம். பழி உங்கள் பட்டறைக்கு வரும். இதைப் பதில் நோட்டீஸில் விளக்கமாக எழுதுங்கள்.

அந்த சேம்பரில் இனி வேலை ஓட்டாதீர்கள். தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட்டு, திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடக்கூடும். அப்போதும் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி விலையில் கழிக்கலாம், இழப்பீடு கேட்கலாம். என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தைக் கொண்டு தட்டுத் தட்டாக அளந்து அறிக்கை வாங்குங்கள். அளக்கும் தேதியை விற்றவருக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள்.

அவர்கள் பெங்களூருவில், சிறு நிறுவனங்களின் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்துக்குப் போனால், தூரம் என்று ஒதுங்கிவிடாதீர்கள். அங்கேயே எதிர்க்கோரிக்கை வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொல்லிவிட்டது. நுகர்வோர் ஆணையம் வேண்டாம். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் அங்கே நுகர்வோர் ஆகமாட்டார்; ஆறு பேர் வேலை செய்யும் இடத்தை ‘வணிக நோக்கம்’ என்றே வாதிடுவார்கள். நீங்களே வணிக வழக்குப் போடுவதானால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்டாலொழிய முதலில் சமரசத்துக்குப் போயாக வேண்டும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடச் சரக்கு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதில் நோட்டீஸ் இந்த வாரமே ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும்.