லட்டினோ இளைஞர்கள் ஏன் ஓட்டுப் போடுவதில்லை?

தம்பி, டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன என்று எழுதியிருந்தீர்கள். கூட வேலை செய்யும் லட்டினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பையன்களும் பெண்களும் இங்கேயே பிறந்த குடிமக்கள், ஆனாலும் பலர் ஓட்டுப் போட்டதே இல்லை என்கிறார்கள், ஏன் இந்த அலட்சியம் என்று கேட்டீர்கள்.

அதை அலட்சியம் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 தேர்தலில் லட்டினோ குடிமக்களில் சுமார் 54 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். நாடு முழுக்கப் பார்த்தால் 67. ஆனால் பெயர் பதிவு செய்திருந்த லட்டினோக்களை மட்டும் எடுத்துப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். ஆக, சிக்கல் பெரும்பாலும் பதிவில் இருக்கிறது.

நம் ஊரில் அலுவலர் வீடு தேடி வந்து பெயரைச் சரிபார்ப்பார். டெக்சஸில் எல்லாம் அவரவர் பாடு. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கும் சமயம் தவிர, இணையத்தில் பதிய வழியில்லை. தாளில் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, தேர்தலுக்கு 30 நாள் முன்பே சேர்க்க வேண்டும். வேறு கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) குடிபோனால் மறுபடி பதிய வேண்டும். சாவடியில் துப்பாக்கி உரிமத்தைக் காட்டி ஓட்டுப் போடலாம், கல்லூரி அடையாள அட்டை செல்லாது! கலிபோர்னியாவிலோ 16 வயதிலேயே முன்பதிவு செய்யலாம், வாக்குச்சீட்டும் தபாலில் வந்துவிடும்.

அப்புறம் வீடு. அப்பா அம்மாவுக்குக் குடியுரிமை இல்லையென்றால், ஓட்டுப் போட்டு வந்த ஒருவரைக்கூடப் பார்க்காமல்தான் பிள்ளை வளர்கிறது. வீட்டில் யாருக்காவது முறையான ஆவணம் இல்லையென்றால், அரசாங்கப் படிவத்தில் முகவரி எழுதவே பயம். கட்சிக்காரர்களும் முன்பு வாக்களித்தவர்களின் பட்டியலை வைத்துத்தான் கதவைத் தட்டுகிறார்கள். அதில் இல்லாத வீட்டுக்கு யாரும் வருவதில்லை. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். என் மகளுக்கு 18 வயதானபோது நாங்கள் இருவரும் கிரீன் கார்டில்தான் இருந்தோம், எங்கள் வீட்டின் முதல் ஓட்டு அவளுடையது. எங்கே போவது, எதைக் காட்டுவது என்று சொல்லித்தர எங்களுக்கும் தெரியவில்லை.

நீங்கள் இருக்கும் இதே ஊரில்தான் வில்லி வெலாஸ்கெஸ் 1974-இல் லட்டினோ மக்களை வாக்காளர்களாகப் பதிய ஓர் அமைப்பைத் தொடங்கினார். 'உங்கள் ஓட்டு உங்கள் குரல்' என்ற முழக்கத்தோடு, தெருத் தெருவாக ஆட்களைச் சேர்த்தார்கள். மறு ஆண்டே, லட்டினோக்கள் நிறைந்த பல பகுதிகளில் ஸ்பானிஷிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும் என்று சட்டம் வந்தது. யாராவது தேடிப் போனால் இவர்கள் வருவார்கள் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்களுக்கு ஒன்று: நீங்கள் இன்னும் குடிமகன் இல்லை என்பதால், கடை வாசலில் யாராவது பதிவுப் படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நாளை குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா என்று கேட்பார்கள். ஆனால் அந்த 30 நாள் கெடுவை நண்பர்களுக்கு நினைவூட்டத் தடையில்லை. நவம்பர் தேர்தலென்றால் செப்டம்பரிலேயே சொல்லிவிடுங்கள்.